சூசை அண்ணையின் திறப்பு

பித்தளை எதைக் கண்டாலும் துலக்கிவிடும் வியாதி எனக்கு உண்டு. அதனால் ஒரு நல்ல மனிதரின் வேலையைப் போக்கினேன். எட்டு வருடமாக வாயும் திறக்கவில்லை. போன செவ்வாய் இங்கே பலெர்மோவில், போர்கோ வெக்கியோ சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி தொலைபேசியில் சொன்னாள்: “சூசை அண்ணை காலமாகிட்டாராம்.” முதலில் வந்தது துக்கமல்ல, நிம்மதி. ஒரே சாட்சியும் போய்விட்டார் என்ற நிம்மதி. அவரை அறிந்த உங்கள் முன் அந்த அசிங்கத்தைத்தான் முதலில் வைக்கிறேன்.

பலெர்மோவில் பனி கொட்டுவதில்லை, மேலே மலையில் கொட்டும். அங்கே ஒரு விடுதியில் குளிர்காலங்களில் நான் கோப்பை கழுவினேன். மன்னார் வெயிலில் வளர்ந்த சூசை அண்ணை பனியை உருக்கினார். வாசல் சரிவுக்குக் கீழே மின்கம்பிகள். சரிவின் நடுவே நிலத்தோடு பதித்த பித்தளை வட்டம், அதுதான் சென்சர். அது உணர்த்தினால்தான் சுவர்ப்பெட்டி கம்பிகளைச் சூடாக்கும். பெட்டியைப் பூட்டித் திறக்கும் திறப்பை அண்ணை செபமாலையோடு கழுத்தில் போட்டிருப்பார்.

சனிக்கிழமைகளில் குசினி வாசலில் வந்து நிற்பார். “தம்பி, இவருக்கு ஒரு ஐஸ்கட்டி தாரும்.” வட்டத்தில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார், பெட்டியில் விளக்கு எரியும். “குளிர் மட்டும் வந்தாலும் அசையார், ஈரம் மட்டும் வந்தாலும் அசையார். ரெண்டும் சேர்ந்து வந்தால்தான் எழும்புவார். என்ரை மச்சானைப் போலை. சமைச்சும் வைக்கவேணும், கூப்பிடவும் வேணும்.”

நத்தார்ப் பண்டிகைக்கு முன் அந்த வட்டம் களிம்பேறிக் கிடந்தது. எனக்குக் கை சும்மா இருக்குமா? புளி போட்டுத் தேய்த்தேன். வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல, மினுக்கம் நிற்கட்டுமென்று தேங்காய் எண்ணெயும் பூசினேன். மறுநாள் காலை பனி கொட்டியது. பெட்டி அசையவில்லை. விடுதிக்காரச் சிஞ்ஞோரா சரிவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டா.

அண்ணை ஓடிவந்து பெட்டியைக் கைச்சுவிட்சுக்குத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் சரிவில் ஆவி எழுந்தது. “கம்பியிலை பிழையில்லை. இவரிலைதான் ஏதோ.” குந்தியிருந்து வட்டத்தைச் சுரண்டினார். நகத்தில் வெள்ளை மெழுகு.

“இதென்ன தம்பி?”

“கார் எண்ணெயாக்கும், அண்ணை.”

எண்ணெய் வைத்துப் படிய வாரிய என் தலைமயிரை ஒருதரம் பார்த்தார். “ஓம், கார் எண்ணெயாத்தான் இருக்கும்.”

குளிரில் அப்படி உறைந்து, ஈரத்தை வட்டத்தில் அண்டவிடாதது எந்த எண்ணெய் என்று அந்த விடுதியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர் துடைத்தார், ஐஸ் வைத்தார், விளக்கு எரிந்தது. பிறகு சிஞ்ஞோராவிடம் போய், துடைத்துப் பார்க்காதது தன் பிழை என்றார். அவ முறியாத கையை நீட்டித் திறப்பைக் கேட்டா. கழற்றும்போது அது செபமாலையில் சிக்கிக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு மூன்று குளிர்காலம் என் பக்கத்தில் நின்று கோப்பை கழுவினார். “பித்தளைச் சட்டியை நீர் மினுக்கும் தம்பி, உமக்குத்தான் கை வரும்” என்பார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். வீட்டில் எது வேலை செய்யாவிட்டாலும் முதலில் என் விரலை மணந்து பார்க்கிறேன்.

இன்னொன்று. அண்ணை அன்றாட வேலையை எழுதிவைத்த கொப்பியை அவரின் மனைவி, எங்கள் அக்கா, கண்டெடுத்திருக்கிறா. சிஞ்ஞோரா விழுந்த அன்றைய பக்கத்தில் என் பெயர் இருக்கிறதாம். ஞாயிறு பூசை முடிய எல்லாருக்கும் வாசிக்கப்போகிறா.