நொட்டை அக்காவும் நிற்காத வாளும்

அந்த சாமுராய் கம்ப்யூட்டர் விளையாட்டைத் திறந்தாலே அக்காவுக்குக் குமட்டும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே குமட்டும். கழுத்தில் வெட்டு விழுந்ததும் குழாய் உடைந்ததுபோல் ரத்தம் பீய்ச்சி அடித்துத் திரையெல்லாம் வழியும். காலையில் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த மனுஷிக்கு முதல் வேலையே அதுதான். ரத்தம் ஒழுங்காக வழிகிறதா, தரையில் விழுந்தபின் மறைகிறதா, வெட்டியவன் அங்கியில் தெறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொழுதெல்லாம் வெட்டிவிட்டு, சாயந்திரம் வீட்டுக்குப் போய்த் தக்காளி நறுக்கும்போது தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருக்கும்.

அந்த விளையாட்டைத் தயாரிக்கிற ஆபீஸில் எல்லோருக்கும் அவள் நொட்டை அக்கா. முதலில் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். பெயர் பொருந்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் படம் கோணலாகத் தொங்குவது அவள் கண்ணில்தான் முதலில் படும். விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் 'சாப்பாடு எப்படி?' என்று கேட்டால், நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவாளா? மாட்டாள். "உப்பு கொஞ்சம் தூக்கல். அடியில பிடிச்ச வாசனை வேற வந்துச்சு" என்பாள். அதோடு அந்த வீட்டு அழைப்பு நின்றுபோகும்.

இந்த வாயை வைத்துக்கொண்டு அவள் காலம் தள்ளியதே ஒரு துணி ஆலையில்தான். தைத்து முடித்த சட்டையைத் திருப்பிப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, காலர் ஏறி இறங்கியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நல்ல சட்டையைப் பார்த்து அங்கே யாரும் ஆஹா என்று சொல்வதில்லை, அது பாட்டுக்கு நகர்ந்து போய்விடும். கெட்டதுதான் கையில் நிற்கும். பாதி ஆயுள் அப்படியே போயிற்று. ஆலையை மூடியதும் தம்பிதான் அவளைக் கையைப் பிடித்து இங்கே இழுத்து வந்தான்.

"நீ விளையாடவே வேண்டாம்கா. எங்க தப்புன்னு மட்டும் சொல்லு. அதுதான் உனக்குத் தண்ணிபட்ட பாடாச்சே" என்றான்.

அந்த விளையாட்டின் சண்டையைக் கட்டியவன் தம்பிதான். வாளை ஓங்குவது, தடுப்பது, சறுக்கி விழுவது எல்லாம் அவன் கைவேலை. வருஷக்கணக்காக அதே நினைப்பு. சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியால் காற்றை வெட்டிக்கொண்டிருப்பான். வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் கல்யாணப் பேச்சு வந்து வந்து ஓய்ந்துவிட்டது. அவனுக்குப் பிள்ளை குட்டி எல்லாமே அந்தச் சண்டைதான். முதலாளியும் அவனிடம் பட்டென்று சொல்லியிருந்தார்: "சண்டை நல்லா இருக்குன்னு ஜனங்க சொன்னா அடுத்த கேம் முழுக்க உன் கையில. இல்லேன்னா நீ வேற இடம் பார்த்துக்க வேண்டியதுதான். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

சண்டையை ஒதுக்கி வைத்துப் பார்த்தால் அந்த விளையாட்டில் உருப்படியாக என்ன இருந்தது? நியாயமாகச் சொன்னால், புல் இருந்தது. காற்றடித்தால் மலைச்சரிவு முழுக்கப் புல் சாய்ந்து நிமிரும். கூரையில் மழை விழும் சத்தம் கண்ணை மூடிக் கேட்கலாம். மற்றதெல்லாம் கண்றாவி. எஜமானைக் கொன்றவனைத் தேடிப் போகிறான் நாயகன். அவசரம், அவசரம் என்று அவனே சொல்கிறான். ஆனால் வழியில் எவன் கூப்பிட்டாலும் நின்றுவிடுவான். ஒருத்திக்குப் பூனை காணோம். ஒருவனுக்கு மூலிகை வேண்டும். அடுத்தவனுக்கு அதே மூலிகை இன்னும் கொஞ்சம் வேண்டும். பழிவாங்கப் புறப்பட்டவனா, கடைக்கு அனுப்பிய ஆளா என்றே தெரியாது. போதாக்குறைக்கு மானம், மானம் என்று வாய் கிழியப் பேச்சு. பேசி முடித்த கையோடு செத்தவன் மடியைத் துழாவுவான். குடிசைக்குள் புகுந்து பானையை உடைத்து இருப்பதை எடுத்துக்கொள்வான். வீட்டுக்காரி பக்கத்திலேயே நின்றுகொண்டு "மழை வரும் போலிருக்கு" என்பாள்!

"இவன் சாமுராயா, திருட்டுப் பயலா?" என்று அக்கா எழுதிக் கொடுத்தாள். அது தப்பில்லை, அது கதை என்று பதில் வந்தது.

மூங்கில் காட்டில் சண்டை மூண்டால், காட்சியைக் காட்டுகிற கேமரா மூங்கிலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். யார் யாரை வெட்டுகிறார்கள் என்று யூகித்துக்கொள்ள வேண்டியதுதான். கோட்டை வாசலில் குதிரை தலையை மாட்டிக்கொண்டு பின்னங்காலால் ஆகாயத்தில் நடக்கும். எல்லாவற்றையும்விட அக்காவின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது ஒரு வீராங்கனை. கொட்டுகிற பனியில் ஆம்பளைகள் எல்லாம் கம்பளி போர்த்தியிருக்க, அவளுக்கு மட்டும் துணிப் பஞ்சம்.

"இந்தப் பொண்ணுக்குக் குளிராதா சார்?"

முதலாளி சிரித்தார். "அது கேம்தானே அக்கா."

"அந்த ஆம்பளைங்களுக்கும் அது கேம்தானே?"

சிரிப்பு நின்றது. துணி வரவில்லை. சீச்சீ, இதை ஊரார் பிள்ளைகள் விளையாடப் போகிறார்களே என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலாளிக்கு எல்லாம் வழவழவென்று ஓட வேண்டும், அது ஒரு வெறி. படம் எந்த இடத்திலும் தயங்கக் கூடாது. 'நதிபோல் ஓடும் வாள்' என்று விளம்பரமே போட்டுவிட்டார். தம்பி மல்லுக்கட்டிப் பார்த்தான். வாளும் வாளும் மோதுகிற இடத்தில் படம் கண்ணிமைக்கிற நேரம் நிற்க வேண்டும், அப்போதுதான் அடி விழுந்தது கையில் தெரியும் என்றான். முதலாளி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தம்பி சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்து, யாருக்கும் தெரியாமல் அதை வைத்துவிட்டான். எல்லா மோதலிலும் நிற்காது. எதிரியின் வாள் இறங்குகிற சரியான நொடியில் தடுத்தால் மட்டும் நிற்கும். அதை நம்பித்தான் அவன் இருந்தான். ஜனங்களுக்குச் சண்டை பிடித்தால் இதனால்தான் பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அக்காவிடமும் மூச்சு விடவில்லை. அவள் வாயில் எதுவும் தங்காதே!

அப்புறம் தம்பிக்கு நல்ல காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. அக்கா மட்டும் ஆபீஸ் போனாள். அன்றைக்கு அவள் பார்க்க வேண்டியது மரப்பாலத்து ரத்தம். எதிரி ஒருவன் பாலத்தின் நடுவில் வந்து வாளை இறக்கினான். அக்கா ஏதோ ஒரு வாகில் தடுத்தாள். படம் நின்றது. டணார் என்று சத்தம், ஒரு பொறி, மணிக்கட்டில் நிஜமாகவே அடி விழுந்ததுபோல் ஒரு சுருக். மறு கணம் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரும்பவும் பாலத்துக்குப் போனாள். திரும்பவும். பக்கத்து மேஜையில் சண்டையின் மற்ற வேலைகளைப் பார்க்கிற கண்ணாடிக்காரன், சரிபார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். அவளுக்கு வைத்த டீ ஆடை கட்டிப்போயிருந்தது. சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் எழுதிக் கொடுத்தாள்: மரப்பாலம், வாள் மோதும்போது படம் நிற்கிறது.

"அட, ஆமா. மெஷின் திணறுது போல. நல்லவேளை, முதலாளி கண்ணுல படல" என்றான் கண்ணாடிக்காரன். சாப்பிட்டுவிட்டு வந்து, எந்தச் சண்டையிலும் நிற்காதபடி சரிசெய்தும் விட்டான்.

வீட்டுக்கு வந்து தம்பி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வெந்நீரும் மாத்திரையும் கொடுத்தாள்.

"இன்னைக்கு என்ன நொட்டை கண்டுபிடிச்ச?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டான்.

"ஒண்ணுமில்ல. பேசாம படு."

காய்ச்சல் விட்டு ஆபீஸ் வந்தவன் சும்மா ஒரு சண்டை போட்டுப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. இன்னொரு சண்டை போட்டான். "நிக்கலையே" என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். பின்னால் நின்ற அக்காவுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. முதலாளியோடு அவன் மல்லுக்கட்டிய கதையை வீட்டில் அவனே சொல்லிக் கேட்டவள்தானே? அன்றைக்குப் பாலத்தில் அது உறைக்காமல் போயிற்றே! தன் இடத்துக்கு ஓடிப்போய் மரப்பாலத்தைத் திறந்தாள். எதிரி வாளை இறக்கினான். தடுத்தாள். வாளுக்குள் வாள் புகுந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. அடித்ததும் தெரியவில்லை, தடுத்ததும் தெரியவில்லை. மிச்சம் இருந்தது ரத்தம் மட்டும்தான். அவளுக்கு அந்த விளையாட்டின் மேல் இருந்த குமட்டலெல்லாம் இப்போது தன் மேலேயே திரும்பியது. அடிப்பாவி, கடைசியில் அவன் குரல்வளையிலேயே கையை வைத்துவிட்டோமே!

நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், பாலத்துல படம் நிக்குதுன்னு எழுதினேனே, அதைப் பழையபடி வெச்சுடச் சொல்லுங்க."

"தப்புன்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமா சார்."

"அப்ப சரிபண்ணின தப்பை மறுபடி வைக்கச் சொல்றீங்களா? ஏன்?"

அது நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அக்கா வாயைத் திறந்தாள். ஊரில் உள்ள குறையெல்லாம் சரளமாக வருகிற அந்த வாயில் இந்த இரண்டு வார்த்தை வரவில்லை. முதலாளி நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"இருங்க, இருங்க. தம்பி சொல்லி அனுப்பினானா? நான் வேண்டாம்னு சொன்னதை அவன் ஒளிச்சு வெச்சிருந்தானா?"

ஆமாம் என்றால் தம்பி இன்றைக்கே வெளியே.

"ஐயோ, இல்ல சார். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அது மெஷின் திணறினதுதான்."

"அப்ப நல்லா வேலை செஞ்சிருக்கீங்க. போங்க, மத்ததைப் பாருங்க" என்று பாராட்டி அனுப்பினார் மனுஷர். அந்தப் பாராட்டைக் கழுவித் துடைக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

விளையாட்டு வெளியே வந்தது. விளையாடியவர்கள் சொன்னதைக் கேட்க வேண்டுமே! புல் அழகு என்றார்கள். மழை அருமை என்றார்கள். குதிரையை வைத்துக் கேலிப்படங்கள் போட்டார்கள். கதை கொட்டாவி, பூனை தேடும் வேலை தண்டனை என்றார்கள். அதையெல்லாம்கூட மன்னித்திருப்பார்கள். சண்டை உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் மன்னிக்கவில்லை. 'கையில் இருப்பது வாளா விளக்குமாறா என்றே தெரியவில்லை' என்று ஒருவன் எழுதியிருந்தான். ஆபீஸில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். நதிபோல் ஓடியதைப் பற்றி முதலாளி பேச்சே எடுக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, சொன்னபடி செய்துவிட்டார்.

ஒரு அட்டைப்பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே அவன் எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் மறைத்ததை இனியும் மறைக்க முடியாது.

"நான்தான்டா எழுதிக் கொடுத்தேன்."

"தெரியும். நான் ஆபீஸ் வந்த அன்னைக்கே கண்ணாடிக்காரன் சொல்லிட்டான். தப்புன்னு எழுதினதைத் திரும்ப வெச்சா முதலாளிக்குத் தெரிஞ்சுடும்னு விட்டுட்டேன்."

"தெரிஞ்சுமா என் கையால தினம் சாப்பிட்டுக்கிட்டு இருந்த? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நாலு திட்டு திட்டியிருக்கக் கூடாதா?"

"உன் வேலையை நீ செஞ்ச. உனக்குத் தெரியாம மறைச்சது நான். அதுல என்னன்னு திட்டறது?" பெட்டிக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தான். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். உண்மையைச் சொல்லு. அது நின்னப்போ உனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கலையா?"

அக்காவுக்குக் கண் பொங்கிவிட்டது. "பிடிக்கலையாவா? அன்னைக்கு ஒரு வேலையும் பார்க்கலடா. அந்தப் பாலத்துலயே கிடந்தேன். அந்த எழவெடுத்த விளையாட்டுல எனக்குப் பிடிச்சதே அது ஒண்ணுதான்."

"பின்ன ஏன்கா எழுதின?"

"பிடிச்சதாலதான்டா எழுதினேன். எனக்கே பிடிக்குதுன்னா அங்க ஏதோ கோளாறு இருக்கணும்னு தோணுச்சு."

தம்பிக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவன் குரல் எழும்பவே இல்லை.

"பிடிச்சிருந்துச்சுன்னு அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றான்.