பாரிஸ் நேரம்

பாரிஸில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் நான் விமான டிக்கெட் எடுக்கும் கடையின் சுவரில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்றில் பாரிஸ் நேரம், மற்றதில் யாழ்ப்பாண நேரம். நேற்றுப் போனபோது கடைக்காரத் தம்பி ஸ்டூலில் ஏறி இரண்டாவதைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இப்ப எல்லாரும் போனிலைதானே பாக்கினம். இந்த மணிக்கூடு உங்களுக்கு வேணுமெண்டா கொண்டுபோங்கோ அண்ணை.”

“எனக்கு வேணாம். குப்பையில போடு!” என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோனார். எழுபது வயதில் சுவர்க் கடிகாரத்தோடு சண்டை போடுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

நான் பாண்டிச்சேரிக்காரன். பிரெஞ்சு அரசு வேலையில் என்னை முதலில் அனுப்பியது பாரிஸின் பிடியில் இருந்த ஒரு தொலைதூரத் தீவுக்கு. கவர்னர் அலுவலகத்தில் எழுத்தர். அங்கும் இரண்டு கடிகாரங்கள். தீவில் காலை ஒன்பது என்றால் பாரிஸில் முந்தின இரவு பதினொன்று. அதிகாரத்தையும் அப்படித்தான் பிரித்திருந்தார்கள்: பள்ளி, ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் தீவுச் சபைக்கு, போலீஸும் ராணுவமும் பாரிஸுக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பாண்டிச்சேரியில் என் அப்பா காலத்திலும் இதே கூத்துதான். அதை மறந்துவிட்டு, அந்த வெயிலில் டை கட்டிக்கொண்டு பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரு காலை ஒரு தீவுக்காரப் பெண் வந்தாள். தள்ளியிருந்த ஒரு குட்டித் தீவில் அவள் புருஷனுக்குக் குடல்வால் வெடித்திருப்பதாக வயர்லெஸில் சேதி வந்திருந்தது. அவனை இங்கே கொண்டுவரப் படகில் இரண்டு நாள். ராணுவ விமானத்தில் ஒரு மணி நேரம். கையில், விமானம் அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரி டாக்டரின் கடிதம். கவர்னரின் செயலாளர் அதை என் பக்கம் தள்ளி, பாரிஸுக்குத் தந்தி எழுதிக் கேட்கச் சொன்னார்.

“பாரிஸ்ல இப்ப எல்லாரும் தூங்குறாங்கம்மா. நாளைக்கு வாங்க” என்று சுவரைக் காட்டினேன்.

“உன் நிறத்தப் பாத்தா எங்காளு மாதிரி இருக்க. நீயுமா அந்தக் கடிகாரத்தப் பாக்குற?” என்றாள். போகவில்லை. வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பதில் வந்தது: நோயாளிகள் விஷயம் தீவுச் சபையின் பொறுப்பு. அயோக்கியர்கள்! சபைக்கு ஏது விமானம்? மத்தியானம் குட்டித் தீவிலிருந்து சாவுச் சேதி வந்தது. அதை அவளிடம் சொல்லவும் என்னைத்தான் அனுப்பினார்கள்.

பிறகு பாரிஸுக்கே மாற்றலாகி வந்தேன். முதல் வாரம், தீவுகளைக் கவனிக்கும் அமைச்சகக் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். ஓர் அறையில் மேசை, நாற்காலி, போன். தீவுகளில் அவசரமென்றால் எடுக்க, இரவெல்லாம் ஓர் அதிகாரி விழித்திருப்பாராம். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

“எப்பவுமே உண்டு. ஆனா யாரும் கூப்பிடறதில்ல” என்றார் கூட வந்தவர்.

செயலாளருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த அதிகாரி போனில் சரி என்று சொல்லிவிட்டால் விமானத்துக்கு அவரல்லவா கையெழுத்துப் போட வேண்டும்!

கடையை விட்டு வரும்போது திரும்பிப் பார்த்தேன். கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்தச் சுவரைக் காட்டி இனி யாரும் யாரிடமும் பொய் சொல்ல முடியாது.

தீவில் என் மேசையிலும் ஒரு போன் இருந்தது.