ஊசி போடாத இனாம் படம்

என் மாமா, அதாவது உம்மாவின் தம்பி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத மனுஷர் என்று பேர் வாங்கியிருந்தார். அந்தப் பேர் ஒரே சாயங்காலத்தில் போய்விட்டது. சிதம்பரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து போட்ட ஒரு ஜப்பான் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், அதன் பிறகு பழைய மாமாவாக இல்லை. பரங்கிப்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தால், தட்டில் கை வைப்பதற்குள் ஜப்பான், பர்மா, சிலோன், மலேயா என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார்.

"நம்ம பக்கத்துலயே இத்தன நாடு இருக்கு அக்கா. ஒருத்தன் மூஞ்சியக்கூட நாம பாத்ததில்ல" என்பார்.

"நீ மொதல்ல ஒரு பொண்ணு மூஞ்சியப் பாரு. ஜப்பான்காரன் மூஞ்சிய அப்புறம் பாக்கலாம்" என்பாள் உம்மா. மாமாவுக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

அறுபதுகளில் ஒரு கோடை லீவில் மஞ்சக்குப்பத்தில் கலை விழா நடந்தது. பொழுது சாய்ந்தால் பாட்டுக்கச்சேரி, நாடகம், கூத்து என்று அமர்க்களப்படும். பகலில் ஈ ஓட்டவேண்டியதுதான். அந்த ஈ ஓட்டும் நேரத்தைத்தான் மாமா விழாக் கமிட்டியிடம் கேட்டு வாங்கினார். பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினார். புரொஜெக்டரை இரவல் வாங்கினார். மெட்ராஸில் யார் யாரையோ பிடித்துப் படப்பெட்டிகளை ரயிலில் வரவழைத்தார். விழா முடியும்வரை தினம் ஓர் ஆசியப் படம், எல்லாருக்கும் இனாம். புரியாத பாஷைக்கு மாமாவே மைக்கில் தமிழில் கதை சொல்வார். ஏற்பாடு இதுதான்.

கமிட்டிச் செயலாளர் ஒரு வக்கீல். அவர் வக்கீல் முறைப்படியே பேசினார்: "மொத நாள் கூட்டம் சேரலைன்னா மறுநாளே அந்த நேரத்த மேஜிக்காரருக்குக் குடுத்துடுவேன், தம்பி. அவரு வேற தெனம் வந்து நச்சரிக்கிறாரு."

மாமா சிரித்தார். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று நம் ஜனங்களைப் பற்றி யார்தான் சொல்லவில்லை? அவருக்கு அதில் பரிபூரண நம்பிக்கை.

ஒரு ஜட்கா வண்டியில் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தகரக் குழாயை வாயில் வைத்து, "இனாம்! இனாம்! சினிமாப் படம் இனாம்!" என்று கத்திக்கொண்டே கடலூரை வலம் வந்தார். தேவனாம்பட்டினத்தில் மட்டும் மூன்று தடவை சுற்றினோம். குரல் கேட்ட வீடுகளில் தாய்மார்கள் வெளியே ஓடிவந்தார்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தரதரவென்று உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து கடல் பக்கம் நடந்தார்கள். "வெயில் ஜாஸ்தில்ல, அதான்" என்றார் மாமா.

முதல் நாள் ஹாலில் நான் இருந்தேன். வக்கீல் இருந்தார். பெஞ்சுகளை எண்ணிக் கொடுத்த வாட்ச்மேன், அவை திரும்பி வரும்வரை அவற்றை விட்டுப் போக மனமில்லாமல் இருந்தார். திரையில் ஜப்பானில் மழை பெய்தது. மாமா வெறும் பெஞ்சுகளுக்குக் கதை சொன்னார். முதலில் கணீரென்று இருந்த குரல் போகப்போகத் தேய்ந்தது. எனக்கு அழுகையாக வந்தது. கதைக்காக இல்லை, மாமாவுக்காக.

பாதிப் படத்தில் வாசல் துணியை விலக்கிக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்த்தது. தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர்.

"ஐயா, ஊசி படம் முடியறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சில மாதங்களுக்கு முன்னால் கடற்கரைக்கு ஒரு வேன் வந்து இனாமாகக் காலரா படம் காட்டியிருக்கிறது. பாதியில் விளக்கைப் போட்டு, உட்கார்ந்திருந்த வரிசைப்படியே எல்லார் கையிலும் ஊசி குத்திவிட்டுப் போயிருக்கிறது. அதற்கும் முன்னால் வந்த இனாம் படம் ஆண்களை இன்னும் மோசமாகக் கலங்கடித்ததாம். அது என்ன படம் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் புரொஜெக்டரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

வக்கீல் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "பாவமா இருக்கு தம்பி. நாளைக்கு ஒரு நாள் பாப்போம். அதுக்கு மேல என்னக் கேக்காத" என்றார்.

சாயங்கால ரயிலில் என்னை வீட்டில் விடுவதற்காக மாமாவும் பரங்கிப்பேட்டைக்கு வந்தார். வீட்டில் உம்மா சோறு போட்டாள். அவர் அதைப் பிசைந்துகொண்டே இருந்தார். நடந்ததை எல்லாம் நான்தான் சொன்னேன்.

"நாளைக்கு என்ன படம்?" என்று உம்மா கேட்டாள்.

"மலாய்ப் படம். யாரு வரப்போறா?"

"மலாய்னா, அக்கரையில எடுத்ததா?"

"அங்கயேதான் எடுத்திருக்கான். தெருவு, கடை, துறைமுகம், எல்லாம் வருதாம்."

வாப்பா அப்போது சபரில் இருந்தார். கடல் தாண்டிப் பிழைக்கப் போவதை எங்களவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை. எனக்கு விவரம் தெரிந்து ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தார். எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் அதே கதைதான். அக்கரையிலிருந்து சேலை வரும், சென்ட்டு வரும், பிஸ்கட் டின் வரும். அவற்றை அனுப்புகிறவர்கள் இருக்கிற ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு பெண்ணும் பார்த்ததில்லை.

உம்மா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு கொல்லைப்புற வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து அடுத்த வீடு. எங்கள் தெருப் பெண்களுக்கு வாசல் எதற்கு? செய்தி கொல்லை கொல்லையாகத் தெருக்கோடிவரை போய்ச் சேர்ந்தது.

காலையில் பெரிய வாப்பா வந்துவிட்டார். அவர் வாப்பாவின் அண்ணன். பல வருஷம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். வீட்டில் ஆம்பிளை இல்லாததால் எங்களுக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

"பொம்பளைங்க ரயிலேறி சினிமாவுக்குப் போறதா? ஊர்ல மானமா இருக்கறது புடிக்கலியா?"

உம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடி பதில் சொன்னாள்: "சினிமா பாக்கப் போகல மச்சான். அவுங்க இருக்கற ஊரப் பாக்கப் போறோம்."

பெரிய வாப்பா, "அப்ப தொணைக்கு ஒரு ஆம்பள வேணுமில்ல" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ரயிலில் ஒரு பெட்டி முழுக்க வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெண்கள். திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி மஞ்சக்குப்பம்வரை நாங்கள் நடந்து போனதைக் கடைத்தெருவே எழுந்து நின்று பார்த்தது. ஹால் வாசலில் அந்த மீனவர் மறுபடியும் நின்றுகொண்டிருந்தார். இன்று கூட நாலைந்து பேர். "ஊசி போட்டுக்கவா பாய் வூட்டம்மாங்க ரயிலேறி வருவாங்க? நெசமாவே படந்தான்டா!" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. ஒருவன் தேவனாம்பட்டினத்துக்குச் சைக்கிளை மிதித்தான்.

பெரிய வாப்பா முதலில் இரண்டு வேட்டிகளை முடிந்து ஹாலின் நடுவே கட்டினார். ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள். அடுத்து, மாமா கதை சொல்ல ஆரம்பித்து இரண்டு நிமிஷத்தில் அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "அவன் சொன்னது அதில்லடா. ஒனக்கு மலாய் தெரியுமா?"

அன்றைக்கு அவர் கதை சொன்ன அழகே அழகு. ஒரு டாக்சி ஓட்டுகிறவனும் ஒரு கடைக்காரர் மகளும் விரும்புகிறார்கள் என்று எனக்கே புரிந்தது. அவர்கள் தனியாகப் பேசும் இடங்களில் எல்லாம் பெரிய வாப்பா, "இங்க ஒண்ணுமில்ல, சும்மா பேசிக்கிறாங்க" என்று முடித்துவிட்டார். தெரு வந்தால் மட்டும் குரல் எழும்பியது. "இதான் சிங்கப்பூர் துறைமுகம்! நான் வேல பாத்த எடம்! அந்தா, அந்த முக்குல டீக்கடை!" எனக்குச் சிங்கப்பூர், பினாங்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது எல்லாம் அக்கரைதான்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கதாநாயகியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அழகாக இருக்கிறாள் என்பதற்காக இல்லை. "செத்த நவுந்து நின்னா என்னவாம்? பின்னால கடைத்தெருவ மறைக்கிறாளே!" இதற்குள் மறுபக்கம் நிரம்பிவிட்டது. படகுகள் வந்தபோது அங்கே ஒரே ஆரவாரம். கட்டுமரம் ஓட்டுகிறவர்கள் மலாய்க்காரனின் படகைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வக்கீல் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்.

அப்போதுதான் திரையில் நான் அவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஒரு பை. முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார்.

"உம்மா! வாப்பா! அந்தா வாப்பா!"

ஹால் முழுக்கத் திரும்பியது. உம்மா திரையைப் பார்த்தாள். அந்த ஆள் கூட்டத்தில் கலந்து மறைந்துபோனார். உம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா. வாப்பாதான்" என்றாள்.

அந்த ஓட்டத்திலேயே மற்றப் பெண்களும் தங்கள் தங்கள் ஆட்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவருக்கு அண்ணன் கிடைத்தான், இன்னொருவருக்கு மகன். பெரிய வாப்பா மைக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த ரீல் முடிந்ததும் உம்மா எழுந்து நின்றாள். அத்தனை ஆண்கள் இருக்கும் இடத்தில் அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "தம்பி, அத இன்னொரு தடவ ஓட்டு."

"ஓட்டுங்க சார், படகு வருதில்ல" என்று வேட்டித் திரைக்கு அந்தப் பக்கமிருந்தும் சத்தம் வந்தது. மாமா ரீலைத் திருப்பிச் சுற்றினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு விழா முடியும்வரை ஹாலில் இடம் கிடைக்கவில்லை. கடைசி நாள் அந்த ஜப்பான் மழையை மறுபடியும் போட்டார்கள். தேவனாம்பட்டினமே வந்து நனைந்துவிட்டுப் போனது. நிறைவு விழாவில் வக்கீல், இது ஆரம்பத்திலிருந்தே தன்னுடைய யோசனை என்று பேசினார். மாமாதான் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினார். அடுத்த வருஷம் கேட்காமலே அந்த நேரம் அவருக்குக் கிடைத்தது. மேஜிக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்தார்.

அந்த வருஷம்தான் வாப்பா வந்தார். சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது நான் பெருமையாகச் சொன்னேன்: "நாங்க உங்கள சினிமாவுல பாத்தோம்." சிங்கப்பூர் துறைமுகம், டீக்கடை, பை, எல்லாவற்றையும் சொன்னேன்.

வாப்பா சிரித்துவிட்டார். "நான் சிங்கப்பூருக்குப் போனதே இல்லியேம்மா. நான் இருக்கறது பினாங்கு. அது எங்கயோ, இது எங்கயோ."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உம்மாவக் கேளுங்க! உம்மாதான் சொன்னிச்சு, நீங்கதான்னு. இன்னொரு தடவ ஓட்டச் சொல்லிக்கூடப் பாத்துச்சு!"

உம்மா குனிந்தபடி அவர் தட்டில் மீனை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. வாப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சோற்றில் கை வைத்தபடி உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் பொய் சொன்னார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பெருநாள் முடிந்ததும் திரும்பிப் போவதாக இருந்தவர் போகவில்லை. அடுத்த மாதம் என்றார். அந்த மாதம் வந்ததும் அதற்கடுத்த மாதம் என்றார். தினம் காலையில் என் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை கூட வந்தார். கப்பலில் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.