சாம்பல் படையும் சிவப்புப் படையும்

கப்பல்துறைக் களஞ்சியத்தின் மூலையில் அந்தப் பலகைப் பெட்டி ஆணியடித்தபடி கிடந்தது. மூடியை நெம்பித் திறந்தபோது வைக்கோலுக்குள் ஈயச் சிப்பாய்கள் படுத்துக்கிடந்தார்கள். ஒவ்வொருவனும் பெருவிரலின் பாதி உயரம்; வர்ணம் எதுவும் பூசப்படவில்லை. அடியில் ஒரு கொப்பி, அதில் மேசையில் வைத்துப் போர் விளையாடும் விதிகள். வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, யாரோ ஓர் அதிகாரி தூக்கிக்கொண்டு போகப் பஞ்சிப்பட்டு விட்டுச் சென்றிருக்க வேண்டும். களஞ்சியப் பொறுப்பாளர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்த என்னிடம் நீட்டினார்.

"தம்பி, உங்களுக்கு இங்கிலீசு வரும். இதை வாசிச்சுச் சொல்லுங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிப்பம்."

அவர் கிண்ணியாக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அண்ணன் முறையில் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுவோம். அவருடைய படைக்குக் கப்பலின் அடிப்பக்கத்துக்குப் பூசும் சிவப்பு. என்னுடையதற்குப் போர்க்கப்பல்களின் சாம்பல் நிறம், துறைமுகத்தில் அதற்குக் குறைவே இருக்கவில்லை. அணில்வால் மயிரை நூலால் கட்டித் தூரிகை செய்து, அவர் ஒவ்வொருவனுக்கும் கண் வரைந்தார். நானோ முரட்டுத் தூரிகையால் மொத்தமாகப் பூசித் தள்ளினேன். ஞாயிறு பின்னேரங்களில் பழைய கதவொன்றை இரண்டு பீப்பாக்களின் மேல் கிடத்தி, மணலால் மேடு கட்டி, அடிமட்டத்தால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டி விளையாடுவோம். ஆறு வருஷம் அப்படிப் போனது. அலுவலகத்தில் எவரோடும் பேசாத கதையெல்லாம் அந்தக் கதவின் இரு பக்கமும் நின்றுதான் பேசினோம். அப்படி ஒரு சினேகிதம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

அதை நானே கெடுத்தேன். ஒரு ஞாயிறு, அவருடைய குதிரைப்படை என் பக்கவாட்டில் வளைந்து வந்துவிட்டது. என் பீரங்கியின் எல்லைக்கு அரை அங்குலம் வெளியே நின்றது. அவர் பின்னேரத் தொழுகைக்கு எழுந்து போனார். நான் பீரங்கியை ஒரு விரற்கடை முன்னே தள்ளினேன். யோசித்துச் செய்ததல்ல, கை தன்பாட்டில் போய்விட்டது. திரும்பி வந்தவர் மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு கட்டையை என்னிடம் தந்தார். குதிரைகள் விழுந்தன. "நல்லா விளையாடினீங்கள் தம்பி" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிறு அவருக்கு வேலை இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும். எனக்குக் காரணம் தெரியும். நாலு மாதம் வழியில் கண்டால் தலையசைப்போம், அவ்வளவுதான்.

மார்கழியில் புயல் வந்தது. உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூரை போய், கடல் முற்றம் தாண்டி உள்ளே வந்து, அறைகளில் முழங்கால் அளவு மணலையும் சேற்றையும் விட்டுவிட்டுப் போனது. நானும் மனைவியும் கோயில் மண்டபத்தில் ஒதுங்கி உயிர் தப்பினோம். மூன்றாம் நாள் காலை, விழுந்த தென்னைகளுக்கு மேலால் சைக்கிளைத் தூக்கித் தூக்கி நானா வந்தார். பின்னால் அரிசி மூட்டை, ஒரு போத்தல் மண்ணெண்ணெய், கப்பல்துறையில் மணல் அரிக்கும் ஓர் அரிதட்டு.

"ஆக்களுக்கு ஒண்டுமில்லையே?"

"ஓம் நானா, ஒண்டுமில்லை."

"உங்கட படை எங்க?"

ஊரில் பிணம் எடுத்துக்கொண்டிருந்த நாளில் ஈயப் பொம்மைகளைத் தேடுவதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் சிப்பாய்களை வைத்திருந்த அலுமாரி விழுந்துகிடந்த அறையில் குந்தினார். நான் சேற்றை அள்ளிப்போட, அவர் தண்ணீர் ஊற்றி அரித்தார். தட்டில் ஒவ்வொருவனாகத் தலை காட்டினான். மதியத்துக்குள் ஏறக்குறைய முழுப் படையும் சுவரோரம் காய்ந்தது. மனைவி அவர் கொண்டுவந்த அரிசியில் கஞ்சி வைத்தாள். குடித்துவிட்டு, கதை எதுவும் வளர்க்காமல் புறப்பட்டார்.

கந்தோர் திறந்த அன்று களஞ்சியத்துக்குப் போனேன். கடல்பக்கச் சுவர் முழுதாக இல்லை. அவர் தன் சிப்பாய்களை வைத்திருந்த அலுமாரி நின்ற இடத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. நானா வெளியே இருந்து நனைந்த கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நானா, உங்கட ஆக்கள்..."

"புயலடிச்ச இரவே போயிட்டினம். ஒருத்தனும் மிஞ்சேல்ல."

"அண்டைக்கு வீட்ட வந்தநேரம் ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா நீங்கள் தேட விடமாட்டியள்."

அந்த இடத்திலேயே, கயிற்றுக் குவியலுக்கு முன்னால் நின்று, பீரங்கியைத் தள்ளியதைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"தெரியும். மணலில தடம் கிடந்தது. நீங்களாத் திருப்பி வைப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். அதுதான் தம்பி எனக்குத் தாங்க ஏலாமப் போனது, தோத்தது இல்ல."

மறுநாள் என் படையில் சரிபாதியைத் துணியில் கட்டிக்கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். வேண்டாம் என்பார் என்று பயந்தேன். அவர் அவிழ்த்து, ஒருவனை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"மற்றப் பாதியையும் கொண்டுவாங்கோ. எல்லாருக்கும் நானே கண் வைக்கிறன். ஆறு வருஷமா உங்கட ஆக்கள் குருடராவே நிண்டு சண்டை பிடிச்சிருக்கினம்."