போட்டோவுக்காகக் கட்டிய கைப்பிடி

அபுதாபி முசஃபாவில் வெல்டராக இருக்கிறேன். வில்லாக்களின் மாடிப்படிக்குக் கைப்பிடி செய்வதுதான் என் வேலை.

நாங்குநேரி பக்கம் நாங்கள் கட்டிய வீட்டுக்கு அரசு வங்கியில் கடன் கேட்டிருந்தோம். மதிப்பீடு செய்ய வந்த இன்ஜினியர், "படிக்குக் கைப்பிடி இல்லையேம்மா. வெச்சு போட்டோ அனுப்புங்க, அப்புறம்தான் கையெழுத்து" என்று என் மனைவி செல்வியிடம் சொல்லிவிட்டார்.

"லீவுக்கு வந்து நானே நல்லா செஞ்சு தாரேன். இப்போதைக்கு ஒரு பைப்பைக் கம்பியால கட்டி போட்டோ அனுப்பிரு" என்றேன். கடன் கிடைத்தது. என் லீவுதான் இரண்டு முறை தள்ளிப்போனது.

ஒரு நாள் காலையில் துணி வாளியோடு இறங்கிய செல்வி, கால் வழுக்கி அந்தப் பைப்பைப் பிடித்தாள். அது கையோடு வந்துவிட்டது. விழுந்ததில் வலது மணிக்கட்டு ஒடிந்தது.

விஷயம் தெரிந்ததும் போன் செய்தேன். அவள், "போட்டோவுக்குக் கட்டினதுன்னு அந்த நேரம் தோணலங்க, பிடிச்சிட்டேன்" என்றாள்.

மறுநாளே ஊர்ப் பட்டறையில் சொல்லிக் கைப்பிடி போட்டோம். ஆனால் அந்தக் கையால் அவள் இன்னும் குடம் தூக்குவதில்லை.

இப்போதெல்லாம் வீட்டில் ஏதாவது பழுதென்று செல்வி சொன்னால், பேச்சு முடிந்ததும் ஊரிலிருக்கும் கொத்தனாருக்குத்தான் முதலில் போன் செய்கிறேன். "லீவுக்கு வந்து பாக்கேன்" என்று சொல்வதை விட்டுவிட்டேன்.