காப்பு அவிழாத சிப்பாய்

போர் முடிந்துவிட்டது என்பதைக் கோபால்சாமி ஒருநாளும் மறுத்ததில்லை. சந்தைக்குப் புளி கொண்டுபோன பங்காளிகள் வந்து சொன்ன அன்றே நம்பிவிட்டார். வெள்ளைக்காரன் கப்பலேறியதும் அவருக்குத் தெரியும். ஆனால் காப்பை யாரும் அவிழ்க்கவில்லையே.

ஜப்பான்காரன் விமானம் வரும் என்று பட்டணமே நடுங்கிய காலத்தில், ஒரு துரை மலைமேலிருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்கு ஏறிவந்தார். இளவட்டமாக இருந்த கோபால்சாமியைச் சிப்பாயாக்கி, கையில் சிவப்புப் பட்டை கட்டி, தான் திரும்பி வரும்வரை வானத்தைப் பார்க்கச் சொல்லிப் பாறைமேல் நிறுத்திவிட்டுப் போனார். மலையில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால், கட்டினவரே அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. கோபால்சாமிக்கு இரண்டும் ஒன்றுதான். சாமை விதைத்தார், கல்யாணம் செய்தார், பெண்ணைப் பெற்றார். எல்லாம் எல்லைக்குள்ளேயே, வானத்தில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே. பட்டை நைந்துபோனால் செல்லியம்மாள் புருஷனைத் திட்டிக்கொண்டே அதன்மேல் ஒட்டுத் தைப்பாள்.

எழுபத்தைந்தாம் வருஷம் மகள் செந்தாமரைக்கு ஜமுனாமரத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்.

"அப்பா வராம நான் கழுத்த நீட்ட மாட்டேன்" என்றாள் அவள்.

கலசப்பாக்கத்திலிருந்து பழைய ஹவில்தார் லாசரைக் கூட்டிவந்தார்கள். மெடல் குத்திய சட்டையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"சண்டை முடிஞ்சிபோச்சிங்க. கையக் காட்டுங்க, அவுத்துடறேன்."

"தெரியுங்க. நீங்களா கட்னீங்க?"

லாசர் யோசித்தார். அவர் கட்டவில்லைதான். களி சாப்பிட்டுவிட்டு இறங்கிப்போனார்.

கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்துக்கொண்டே ஜீப் பிடித்து வந்தார்கள். பாறைமேல் பந்தல் போட்டார்கள். பந்தலுக்குக் கூரை கூடாது என்றார் கோபால்சாமி. வானத்தை மறைக்குமாம்.

மேளம் கொட்ட, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். கிழக்கே இரைச்சல் கேட்டது. அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டே கோபால்சாமி அண்ணாந்தார். மீதி முடிச்சுகளைப் போட வந்த நாத்தனார் காந்தாவின் கையைச் செந்தாமரை பிடித்துக்கொண்டாள்.

"இருங்க அண்ணி. எங்கப்பா பாக்கணும்."

மேளக்காரர் நிறுத்தலாமா கூடாதா என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையும் அண்ணாந்து பார்த்தார். செந்தாமரை மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பாசம் வந்தது.

விமானம் மேற்கு மேட்டைத் தாண்டி மறைந்தது. கோபால்சாமி தலையை இறக்கி மகளைப் பார்த்தார்.

"நம்முளுதுதான்" என்றார். "கட்டுங்க."