நாற்பத்திரண்டாம் கேள்வி

கடலைப் பொட்டலத்தின் வாயை அகிலா அளந்து முடிக்கும்வரை மெய்யநாதன் அதில் கடலை கொட்டக் கூடாது. கொட்டப் போனால் குறுக்கே கை வந்துவிடும். "இருங்கண்ணே, சாய்வு இன்னும் பாக்கல."

"டீச்சர், நீங்க கடலை திங்க வந்தீகளா, மனை அளக்க வந்தீகளா?"

"விட்டம் ஆறு புள்ளி மூணு. சாய்வு பதினஞ்சு புள்ளி எட்டு. இப்பக் கொட்டுங்க."

பின்னால் நிற்கும் மூன்று பேர் முணுமுணுப்பார்கள். அகிலாவுக்கு அது காதில் விழாது. எண்களைக் கைபேசியில் குறித்துக்கொண்டு, கடலையைக் கொறித்தபடி ஸ்கூட்டியைக் கிளப்பிவிடுவார். சனிக்கிழமை அந்தப் பொட்டலம் பதினான்கு பிள்ளைகளின் தலையில் விடியும்.

காரைக்குடியில் செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மரப்பட்டறை ஒன்றின் மாடியில் அவருடைய டியூசன் நடக்கிறது. பட்டறை அவருடைய அப்பா மீனாட்சிசுந்தரம் ஆசாரியுடையது. கீழே மாடுலர் கிச்சனுக்குப் பலகை அறுக்கும் மிஷின் அலறும். மேலே முக்கோணவியல் நடக்கும். மிஷின் நிற்கிற இடைவெளிகளில் மட்டும் பேசி, அது ஓடும்போது கரும்பலகையில் எழுதி, அகிலா இந்தப் பன்னிரண்டு வருடத்தில் தனக்கென்று ஒரு தாளக்கட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார். நாற்காலி ஒன்று உண்டு. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அதன்மேல் மிக்சர் டப்பா இருக்கும்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் மற்ற ஐந்து மதிப்பெண் கேள்விகளில் பிடித்ததைப் பொறுக்கி எழுதலாம். நாற்பத்திரண்டாவது மட்டும் கட்டாயம். அது பெரும்பாலும் புத்தகத்தில் இருக்காது, கைடிலும் இருக்காது. முன்பாவது பயிற்சிக் கணக்கில் எண்ணை மாற்றிப் போட்டு ஒப்பேற்றினார்கள். இப்போதெல்லாம் நன்றாகப் படிக்கிற பிள்ளையையே ஒரு நிமிடம் விழிக்க வைக்கிறார்கள். ஊரில் பாதி டியூசன் அந்தக் கேள்வியைக் கைகழுவி விட்டது. அகிலாவுக்கோ அதுதான் உயிர். வாரம் ஒன்றாகத் தானே தயாரிப்பார். மீன் கடைக்காரரின் ஐஸ் பெட்டி, கல்யாண வீட்டுச் சாம்பார் வாளி, கோவிலூர்ப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் சாய்ந்து நிற்கும் தண்ணீர்த் தொட்டி என்று கண்ணில் பட்ட எதையும் விட்டுவைப்பதில்லை.

தப்புகளுக்கு ஊர்ப் பெயர் வைப்பது அவருடைய இன்னொரு வழக்கம். எப்போதோ நெற்குப்பையிலிருந்து வந்த ஒருவன் கடைசி வரியில் வர்க்கமூலம் எடுக்க மறந்தான். அவன் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டான். அந்தத் தப்பு மட்டும் இன்றுவரை 'நெற்குப்பை'. விடைக்கு அலகு எழுதாமல் விட்டால் 'கோவிலூர்'. வெளியாள் யாராவது அந்த மாடியேறி வந்து, "ஒரே தாளில் ரெண்டு நெற்குப்பை, ஒரு கோவிலூரா? ஏத்தா, பஸ்ஸுலயா பரீட்சை எழுதுன?" என்ற குரலைக் கேட்டால் கண்டக்டர் வீடு என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார்.

அளந்து எடுத்த கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. உண்மையான பொட்டலமும் வாளியும் ஏழால் வகுபடுவதற்காகப் பிறந்தவை அல்ல. விடை எப்போதும் புள்ளிக்குப் பின்னால் வால் முளைத்துத்தான் வரும். பரீட்சையில் கால்குலேட்டர் கிடையாது என்பதால் பிள்ளைகள் கையாலேயே வகுத்து வகுத்து ஓய்ந்துபோவார்கள். யாராவது சிணுங்கினால் அகிலா பெருமையாகச் சொல்வார். "நெசமான கணக்கு முழுசா வராதுடா. முழுசா வந்துச்சுன்னா அது ஊருல இல்லாத கணக்கு." வாரம் தவறாமல் சொன்னார். சொல்லும்போது அவருக்கே அது நன்றாக இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

இந்த வருடம் முதல் திருப்புதல் தேர்வில் நாற்பத்திரண்டாவது கேள்வியாக ஒரு தொட்டி வந்தது. விட்டம் இரண்டு புள்ளி எட்டு மீட்டர், உயரம் மூன்று மீட்டர். ஏழு சென்டிமீட்டர் ஆரமுள்ள குழாயில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் வேகத்தில் தண்ணீர் வந்தால் தொட்டி எப்போது நிறையும்? அகிலாவின் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தூசு. பதினான்கில் பதினோரு பேர் பத்தே நிமிடத்தில் விடைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். நூறு நிமிடம். புள்ளி இல்லை, வால் இல்லை, பளிச்சென்று நூறு.

அதைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்பது பேர் கணக்கை மேலிருந்து கீழாக ஒரே கோடாக அடித்தார்கள். அடித்துவிட்டு மறுபடி போட்டார்கள். மறுபடியும் நூறே வர, இந்த முறை எங்கேயாவது ஒரு எண்ணைத் திருகி வேறு விடை வரவைத்தார்கள். அவர்களில் விஷ்வா தொண்ணூற்றேழு புள்ளி நான்கு என்று மனநிறைவோடு எழுதி வைத்துவிட்டு வந்தான்.

திருத்தப்பட்ட தாள்கள் மாடிக்கு வந்த அன்று அகிலா மிக்சர் டப்பாவைத் திறக்கவில்லை. "சரியாத்தானே வந்திருக்கு? எதுக்கு அடிச்சீங்க?" என்று ஒன்பது பேரையும் நிறுத்திக் கேட்டார்.

விஷ்வா ஒன்றும் மறைக்கிற பையன் இல்லை. "நீங்கதானே மிஸ் சொன்னீக? முழுசா வந்தா ஊருல இல்லாத கணக்குன்னு."

கீழே மிஷினும் அந்த நேரம் பார்த்து நின்றுபோயிருந்தது.

ஒன்பது பேரில் மற்றவர்களுக்கு அது வெறும் ஐந்து மதிப்பெண். ஆஷ்லினுக்கு அப்படியில்லை. அவள் படிக்கிற பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப் வேண்டுமென்றால் பொதுத்தேர்வில் கணக்கில் தொண்ணூறு எடுத்தாக வேண்டும். ஒரு மதிப்பெண் குறைந்தாலும் வேறு குரூப்தான். எஞ்சினியரிங் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள். திருப்புதலில் எண்பத்தெட்டு. அடித்த ஐந்தைக் கூட்டினால் தொண்ணூற்று மூன்று. பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது.

அவளுடைய அப்பா தைரியநாதன் சிவகங்கையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். மறுநாள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு படியேறி வந்தார். கோபப்பட்டுப் பழக்கமில்லாத மனிதர். அதனால் அவர் பேசியது கூடுதலாகவே வலித்தது.

"தப்பா எடுத்துக்காதீக டீச்சர். தப்பாப் போட்டுட்டு வந்தா பிள்ளையைக் கண்டிக்கலாம். சரியாப் போட்டதை அடிச்சுட்டு வந்திருக்கு. இதை நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல? வேற எடத்துல சேத்துரலாமான்னு வீட்டுல கேக்குறாக."

அகிலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடிக்கச் சொன்னேனா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "ஒரு வாரம் குடுங்கண்ணே" என்றார். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அன்று அகிலாவுக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வருடம் நல்ல பேர் எடுத்த வாய், அதே வாயால் ஒரு பெண்ணின் குரூப்பைக் கெடுத்துவிடுமோ என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

மீனாட்சிசுந்தரம் ஆசாரிக்கு விஷயம் தெரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. அலமாரிக் கதவு ஒன்றுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏத்தா, கதவு சரியா உக்காந்துருச்சுன்னா கழட்டித் தூரப் போட்டுருவியளா?"

"சும்மா இருங்கப்பா."

"உக்காந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? தொறந்து மூடிப் பாக்கணும். அழகா இருக்கேன்னும் விடக்கூடாது, அழகா இருக்கேன்னும் கழட்டக் கூடாது." சொல்லிவிட்டு அந்தக் கதவைத் திறந்து மூடினார். அது கிறீச்சிட்டது. அவர் முகம் சற்று மாறியதில் அகிலாவுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அந்தச் சனிக்கிழமை பொட்டலம் இல்லை, வாளி இல்லை. பலகையில், சரியான விடையைச் சரிபார்க்காமல் அடிப்பது என்று எழுதி, அதற்கு நேரே தப்பின் பெயரையும் எழுதினார். அகிலா.

பிள்ளைகள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சிரிங்க, சிரிங்க. இது நான் கண்டுபிடிச்ச தப்பு. உங்களுது இல்ல. நான் சொன்னதை இன்னைக்கே மறந்துருங்க. விடை முழுசா வந்தாலும் சரி, வாலோட வந்தாலும் சரி, அதைத் தூக்கிக்கிட்டுக் கேள்விக்குள்ள திரும்பிப் போங்க. அது பொருந்துச்சுன்னா விடுங்க. பொருந்தாட்டி மட்டும் அடிங்க." தைரியநாதனையும் கைபேசியில் கூப்பிட்டு, தப்பு தன்னுடையதுதான் என்று அதே சொற்களில் சொன்னார். பிள்ளை அங்கேயே வரட்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

அடுத்த ஐந்து வாரமும் மாடியில் ஒரு புதுச் சட்டம். சரிபார்க்காமல் கோடு போட்டவர் எழுந்து வந்து, அடித்த விடை ஏன் தப்பு என்று எல்லோருக்கும் நிரூபிக்க வேண்டும். விஷ்வா ஒருநாள் இருபது நிமிடம் பலகையோடு மல்லுக்கட்டி, கடைசியில் தன் விடை சரி என்று நிரூபித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். ஆஷ்லின்தான் கவலையாக இருந்தாள். கோடு போடமாட்டாள், ஆனால் சரிபார்த்த பிறகும் பென்சிலை விடைமேல் வைத்துக்கொண்டே இருப்பாள். அகிலா அதைப் பார்த்துவிட்டு அடுத்த கணக்கை எழுதப் போய்விடுவார்.

பரீட்சை நாளில் தேர்வு மையத்துப் பக்கம் போவது அகிலாவுக்குப் பிடிக்காது. பிள்ளைகள் பதற்றப்படும் என்பார். பதறுவது யார் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். இந்த முறை ஒன்றேகாலுக்கு முன்பே போய்ப் பள்ளிக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை நிழலில் நின்றார். தைரியநாதனும் லீவு போட்டு வந்திருந்தார். இருவரும் ஆளுக்கொரு சர்பத் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்கள்.

மணி அடித்து, பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். தாள் கடினம் என்று முதலில் வந்த கூட்டமே புலம்பியது. ஆஷ்லின் தூரத்திலேயே அகிலாவைப் பார்த்துவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நாப்பத்திரெண்டு முழுசா வந்துச்சு மிஸ்! இருபத்தெட்டு! அடிக்கப் பேனாவைக் கொண்டு போயிட்டேன். ஆனா நான் அகிலா பண்ணல!"

"ஏ பிள்ள, டீச்சர் பேரைச் சொல்லலாமா?" என்று தைரியநாதன் பதறினார்.

அகிலா அதற்குள் வினாத்தாளைப் பிடுங்கியிருந்தார். உருளையின் மேல் அரைக்கோளம் உட்கார்ந்த ஒரு திண்மத்தை உருக்கி, சின்னச் சின்னக் கூம்புகளாக வார்த்தால் எத்தனை கிடைக்கும் என்ற கேள்வி. சர்பத் கிளாஸைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு, தாளின் ஓரத்திலேயே போட ஆரம்பித்தார். வெயில் காய்ந்தது. தைரியநாதன் எட்டி எட்டிப் பார்த்தார். ஐந்நூற்று நான்கைப் பதினெட்டால் வகுத்த கடைசி வரியில் இருபத்தெட்டு வந்து விழுந்தது.

"சரிதானே டீச்சர்?"

அகிலா நிமிரவில்லை. பொறுங்கள் என்பதுபோல் தைரியநாதனை நோக்கி ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, அந்த இருபத்தெட்டைப் பதினெட்டால் பெருக்கத் தொடங்கினார்.